தீப்பெட்டி இல்லாத வீடு

விடிந்தும் விடியாததுமாகச் சாமுண்டீஸ்வரி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மேடை மேல் அடுப்பு இருந்தது. மேடைக்குக் கீழே சிலிண்டர் இருந்த இடத்தில் வட்டமாகத் துருக்கறை மட்டும் இருந்தது.

சிலிண்டரை நேற்றுச் சாயங்காலமே லோகநாதன் பெரியப்பா உருட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டார். மண்ணெண்ணெய் ஸ்டவ்விலிருந்த எண்ணெயைக் கொல்லையில் கவிழ்த்தார். கிளம்பும்போது ஞாபகமாகச் சமையலறைத் தீப்பெட்டி, சாமி மாடத் தீப்பெட்டி இரண்டையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மனுஷருக்குத் தன் மூளை மேல் அபார நம்பிக்கை.

போன அத்தியாயத்தில் அவர் கேட்டைத் திறந்துகொண்டு வேகமாக உள்ளே வந்ததைப் படித்தவர்களுக்கு, எதற்கு அந்த வேகம் என்று இப்போது புரிந்திருக்கும். இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

கங்கையம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சம்பத், சாமுண்டீஸ்வரியின் புருஷன், தாம்பரத்தில் சிமெண்ட்டும் கம்பியும் விற்கிறவன். இளையவன் சிட்டிபாபு, கல்யாணம் ஆகாதவன், பஹ்ரைனில் ஒரு ஓட்டலில் காபி கலக்கும் வேலையில் இருந்தவன். இருந்தவன் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் செத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆக்சிடெண்ட் என்று பக்கத்து வீட்டு பியூலா டீச்சரின் டெலிபோனில் யாரோ ஒருவர் சொன்னார்.

அந்தப் போன் வந்த அன்றைக்குக் கங்கையம்மாள் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "கெட்ட சேதி எதுவும் இவங்க காதுல விழக் கூடாது, அப்புறம் நான் பொறுப்பில்ல" என்றார் டாக்டர் வேதசிரோமணி. அதனால் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு சொல்லலாம் என்றார்கள். வந்த பிறகு, நாளைக்குச் சொல்லலாம் என்றார்கள். பாழாய்ப்போன அந்த நாளை வரவேயில்லை.

இன்றைக்குச் சிட்டிபாபு பெட்டியில் வருகிறான். சம்பத் இருட்டோடு மீனம்பாக்கம் போய்விட்டான். சாயங்காலம் பெட்டிக்கு முன்னால் டாக்டரோடு வந்து, டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதே அம்மாவிடம் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் இந்த ஒரு பகலை ஓட்ட வேண்டியது சாமுண்டீஸ்வரியின் பொறுப்பு. சம்பத்துக்குப் பெரியப்பா முறை, காரியத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய பங்காளி என்று பெரியப்பாவிடம் நேற்றுத்தான் விஷயத்தைச் சொன்னார்கள். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து வந்ததுதான் சட்டம்.

"சாவு வூட்ல பொணம் எடுக்கற வரைக்கும் அடுப்பு எரியக் கூடாது. வெளக்கும் ஏத்தக் கூடாது. இத்தினி நாளா எரிச்சதே பாவம். போனது போவட்டும், நாளைக்கு ஒரு நாளாச்சும் முறையா இருங்க" என்றார்.

"அடுப்பு எரியலன்னா அத்தைக்குத் தெரிஞ்சுடுமே பெரிய மாமா?"

"எப்பிடித் தெரியும்? கேஸு தீந்துபோச்சுன்னு சொல்லு."

"விளக்கு?"

"தீப்பெட்டி இருந்தாத்தான ஏத்துவா?" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

சம்பத் சரி என்று தலையாட்டினான். பெரியவர் பேச்சை மீறினால் சுடுகாட்டுக்கு ஒரு ஆள் வராது என்ற பயம் அவனுக்கு. இது சரியாக வராது என்று சாமுண்டீஸ்வரிக்குப் பட்டது. ஆனால் அவளை யார் கேட்டார்கள்?

"ஈஸ்வரி!" இப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகக் குரல் வந்தது. பியூலா டீச்சர் ஒரு பிளாஸ்க்கையும் பால் தூக்கையும் சுவர் மேல் வைத்தாள். "வெந்நீர் நல்லாக் கொதிச்சது. பால் காய்ச்சினது. இன்னிக்கு லீவு போட்டுட்டேன், மத்தியானத்துக்கு நானே சோறு கொண்டுவரேன். எப்படி இருக்காங்க?"

"தூங்குறாங்க டீச்சர்."

"நீ முகத்தைக் கழுவிட்டு உள்ள போ. ராத்திரியெல்லாம் அழுதேன்னு முகத்துல எழுதியிருக்கு."

முகம் கழுவிக்கொண்டு திரும்பினால், கங்கையம்மாள் எழுந்து கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து உடம்பு பாதியாகியிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"ஈஸ்வரி, பம்புசெட்டை எடு."

பம்புசெட்டு என்றால் வயலில் இருந்தது இல்லை. வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, செம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் மாடி எழும்பியாகிவிட்டது. இது சிட்டிபாபு இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது கொண்டுவந்த கண்ணாடி ஜாடி. மூடியில் ஒரு கம்பி, கம்பி முனையில் சல்லடைத் தட்டு. பொடியையும் வெந்நீரையும் ஜாடியில் போட்டு ஊறவிட்டு, கம்பியைப் பிடித்து அமுக்கினால் சக்கை அடியில் போய்விடும், காபி மேலே நிற்கும். முதல் தரம் பார்த்ததும் கங்கையம்மாள் கை கொட்டிச் சிரித்தாள். "இன்னாடா இது, பம்புசெட்டு மாரி கீது?" அந்தப் பேரே நிலைத்துவிட்டது. அதற்கப்புறம் பித்தளை ஃபில்டர் பரண் மேல் ஏறியது.

காபிப்பொடிக் கடையில் அவள் போட்ட சண்டை தாம்பரம் மார்க்கெட்டுக்கே தெரியும். சிக்கரி கூடாது, பொடி ரவை பதத்தில் இருக்க வேண்டும். "இப்படி அரைச்சா டிகாஷன் எறங்காதும்மா" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "நீ அரைச்சுக் குடு. எறங்காட்டி நான் அமுக்கி எறக்கறேன்" என்பாள் இவள்.

"கேஸ் தீந்துபோச்சு அத்தை. டீச்சர் வீட்ல வெந்நீர் வாங்கிட்டு வந்தேன்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"மண்ணெண்ணெய் ஸ்டவ்வு?"

"அதுலயும் எண்ணெய் இல்ல. ரேஷன்ல இன்னும் ஊத்தல."

"நல்லா வூடு நடத்துற போ" என்று கங்கையம்மாள் சிரித்தாள். கோபமே இல்லை. பிளாஸ்க்கைத் திறந்து ஆவியை முகர்ந்தாள். "பரவால்ல, இதுக்குப் பிளாஸ்க்குத் தண்ணிதான் லாயக்கு. கொதிக்கக் கொதிக்க ஊத்துனா பொடி வெந்து கசக்கும்னு சின்னவன் சொல்வான்."

சின்னவன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சாமுண்டீஸ்வரி தம்ளர் எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

கங்கையம்மாள் முதலில் வெறும் வெந்நீரை ஜாடியில் ஊற்றிச் சுழற்றிக் கொட்டினாள். ஜாடி சூடானதும் பொடியைப் போட்டு, பொடி நனைகிற அளவுக்குத் துளி வெந்நீர் விட்டாள். பொடி நுரைத்துப் பொங்கி எழும்பியது. அது அடங்கும் வரை பொறுத்து மீதி வெந்நீரை ஊற்றினாள். கரண்டிக் காம்பால் ஒரே ஒரு கலக்கு. கம்பி மேலேயே நிற்கும்படி மூடினாள். வீடு முழுக்கக் காபி வாசனை பரவியது. சாவு வீட்டில் இப்படி ஒரு வாசனை வரலாமா என்று சாமுண்டீஸ்வரிக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஊறட்டும்" என்று சொல்லிவிட்டுக் கங்கையம்மாள் சாமி மாடத்துப் பக்கம் நடந்தாள்.

அப்போதுதான் சாமுண்டீஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை எப்படி மறந்தாள்? மாமியார் காபி ஊறுவதற்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. விளக்கைத் துடைத்து, திரி போட்டு, எண்ணெய் விட்டு, ஏற்றி, கும்பிட்டுவிட்டு வந்தால் காபி பக்குவமாக ஊறியிருக்கும். இரண்டு வருஷமாக அதுதான் கணக்கு. அவள் வரையில் பம்புசெட்டும் விளக்கும் ஒரே வேலை. காபி போட்டுவிட்டு விளக்கேற்றாமல் அவளால் இருக்கவே முடியாது. பெரியப்பாவின் மூளைக்கு இது எங்கே எட்டப்போகிறது?

"ஈஸ்வரி, தீப்பெட்டி எங்க?"

"அங்கதான் அத்தை இருக்கும்."

"இங்க இல்லியே. உள்ள பாரு."

சாமுண்டீஸ்வரி சமையலறைக்குள் போய் டப்பாக்களை உருட்டினாள். "இங்கயும் இல்ல அத்தை."

"ஒரு குச்சி கூடவா இல்ல? டீச்சரம்மாகிட்ட வாங்கியாடி. காபி ஊறிக்கினு கீது."

சாமுண்டீஸ்வரி வெளியே வந்து சுவரோரம் நின்றாள். கூப்பிட்டால் டீச்சர் கொடுத்துவிடுவாள். கொடுத்தால் விளக்கு எரியும். தீட்டு வீட்டில் விளக்கு எரிந்தது தெரிந்தால் பெரியப்பா ஊரைக் கூட்டுவார். வேண்டாம் என்று திரும்பி உள்ளே போனாள்.

"டீச்சர் ஸ்கூலுக்குக் கிளம்பிப் போயிட்டாங்க அத்தை."

சொல்லி வாய் மூடவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் பியூலா டீச்சர் பாத்திரம் துலக்குகிறவளிடம் உரக்கப் பேசுவது கேட்டது. கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு கங்கையம்மாள் அந்தத் திசையைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். சாமுண்டீஸ்வரி தரையைப் பார்த்தாள்.

"சரி வுடு. அப்பறம் ஏத்திக்கலாம்" என்று கிண்ணத்தைக் கீழே வைத்தாள் கங்கையம்மாள்.

பிழைத்தோம் என்று மருமகள் மூச்சு விட்டாள். அசட்டுப் பெண். விளக்கை அப்புறம் ஏற்றலாம் என்று மாமியார் வாயிலிருந்து வந்து அவள் என்றைக்காவது கேட்டிருக்கிறாளா? அதைக் கூட யோசிக்கவில்லை.

ஜாடி முன்னால் வந்து நின்ற கங்கையம்மாளுக்கு இப்போது அமுக்குவதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா என்று தெரியவில்லை. கம்பியின் குமிழ் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். வழக்கமாக அவள் அமுக்குகிற அழகே அழகு. கையின் கனத்திலேயே தட்டு மெல்ல மெல்ல இறங்கும். இன்றைக்கு ஒரே அழுத்தாக அழுத்திவிட்டாள். ஓரத்தில் பொடி மேலே கிளம்பியது.

பால் விட்டு, இரண்டு தம்ளரில் ஊற்றி, ஒன்றை மருமகள் பக்கம் நகர்த்தினாள். தன்னுடையதை ஒரு வாய் குடித்தாள்.

"கசக்குது."

"பொடி ஜாஸ்தியாயிடுச்சா அத்தை?"

"இல்ல. ஊறுனது ஜாஸ்தி. சம்பத்து எங்க?"

"தாம்பரத்துக்கு... லோடு வருதுன்னு சீக்கிரம் போயிட்டார்."

"எப்ப வருவான்?"

"சாயங்காலம் வந்துடுவார்."

கங்கையம்மாள் கசப்புக் காபியை முழுவதும் குடித்து முடித்தாள். பிறகு ஒயர் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் வராந்தாவில் கேட்டைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தெருமுனையில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் தலை நிமிரும். யாராவது இறங்கி நடந்து வந்து இவர்கள் கேட்டைத் தாண்டிப் போனால் தலை தாழும். மாத்திரை மயக்கம் என்று நினைத்துக்கொண்டாள் சாமுண்டீஸ்வரி.

வெயில் ஏறின பிறகு லோகநாதன் பெரியப்பா வந்தார். சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னா கங்கா, ஒடம்பு எப்பிடி கீது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். "கேஸு தீந்துபோச்சாமே? நான் ஆளு வுட்டுக்கீறேன், நாளைக்கு வந்துரும்."

சாமுண்டீஸ்வரிக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கேஸ் தீர்ந்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று அத்தை கேட்டால்?

கங்கையம்மாள் அதைக் கேட்கவில்லை. "காபி சாப்பிடுங்க மாமா. பிளாஸ்க்குல தண்ணி கீது, பம்புசெட்டுல போட்டுத் தரேன்" என்றாள்.

பெரியப்பா இந்த வீட்டுக்கு வருவதே பம்புசெட்டுக் காபிக்காகத்தான். போட்டுத் தருகிறேன் என்று சொல்ல விட்டதே இல்லை, தானே கேட்டு வாங்கிக் குடிப்பவர். இன்றைக்கு அவர் கை இரண்டையும் ஆட்டினார்.

"வாணாம்மா. வாணாம். இன்னிக்கு வாணாம்."

"இன்னிக்கு இன்னா மாமா?"

"வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்த வேகத்தில் கிளம்பினார். கேட்டைத் தாண்டும் வரைக்கும் கங்கையம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பியூலா டீச்சர் ரசமும் சோறும் கொண்டுவந்தாள். கங்கையம்மாள் தொடவில்லை. சம்பத் வரட்டும், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்றாள். டீச்சர் மருமகளைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஈஸ்வரி, அவங்களுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சா அழ மாட்டாங்களா டீச்சர்? சின்னவர் மேல உசுரையே வெச்சிருக்காங்க. கல்லு மாதிரி இப்படி உக்காந்திருப்பாங்களா?"

"எனக்கு என்னமோ பயமா இருக்கு. நீயே சொல்லிடேன்."

"டாக்டர் வரட்டும். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் தலையில இல்ல விடியும்?" என்றாள் சாமுண்டீஸ்வரி. சொன்ன பிறகு தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் வீட்டு டெலிபோன் அடித்தது, சாமுண்டீஸ்வரி ஓடிப்போய் எடுத்தாள். சம்பத்தான். இரைச்சலுக்கு நடுவில் கத்தினான்.

"பெட்டி வந்துடுச்சு. பேப்பரெல்லாம் முடிஞ்சுது. டாக்டரும் இங்க வந்துட்டாரு, ஒண்ணா வரோம். அம்மா எப்படி இருக்காங்க?"

"வராந்தாவுல உக்காந்திருக்காங்க. காலையிலேர்ந்து அங்கயேதான்."

"ஈஸ்வரி, ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. பெட்டியை யாரும் தொறக்கக் கூடாது. யார் கேட்டாலும் சரி. அம்மா கேட்டாலும் சரி."

"ஏங்க?"

"அப்புறம் சொல்றேன்."

"என்கிட்ட கூடவா?"

லைன் கட்டாகிவிட்டது. ரிசீவரை வைத்துவிட்டுச் சாமுண்டீஸ்வரி அங்கேயே நின்றாள். ஆக்சிடெண்ட் என்றுதானே சொன்னார்கள்? ஆக்சிடெண்டில் போனவர்கள் முகத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லையா?

திரும்பி வந்தபோது வராந்தா நாற்காலி காலியாக இருந்தது.

ஓட்டமாக உள்ளே போனாள். கங்கையம்மாள் சமையலறையில் இருந்தாள். பிளாஸ்க்கில் மிச்சமிருந்த வெதுவெதுப்பான தண்ணீரை ஜாடியில் ஊற்றி, பொடியைக் கலக்கி மூடிவிட்டு, மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். இன்னொரு கை எரியாத அடுப்பின் மேல் இருந்தது.

"ஆறின தண்ணியில ஊறாது அத்தை" என்றாள் சாமுண்டீஸ்வரி. வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"தெரியும். சும்மா கைக்கு ஒரு வேலை. இப்பிடி வா." கங்கையம்மாள் குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது. "கேஸு தீந்துபோச்சு. சரி. மண்ணெண்ணெய் தீந்துபோச்சு. அதுவும் சரி. வூட்ல ஒரு தீக்குச்சி கூட இல்லாம தீந்துபோச்சா?"

சாமுண்டீஸ்வரி இரண்டடி கிட்டே வந்து நின்றாள்.

"என் மாமனார் செத்தப்ப இந்த வூட்டு அடுப்புல தண்ணி ஊத்தி அணைச்சவ நான். உன் மாமனார் செத்தப்பவும் நான்தான் அணைச்சேன். அணைஞ்ச அடுப்பு எதுக்கு அணைஞ்சுதுன்னு எனக்குத் தெரியாதாடி? பெரியவரு காபி வாணாம்னு ஓடறாரு. நான் இன்னா கொழந்தையா?"

"அத்தை..."

"நான் அழப்போறதில்ல. நெஞ்சு வலிக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு." அவள் மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது. "யாரு?"

சாமுண்டீஸ்வரிக்கு முதலில் புரியவில்லை.

"காலையிலேர்ந்து சம்பத்தும் வூட்ல இல்ல. ரெண்டு பேர்ல யாருடி?"

அப்போதுதான் புரிந்தது. ஐயோ, இந்தப் பகல் முழுக்க இந்த மனுஷி எதைச் சுமந்துகொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்!

"பஸ்ஸு நிக்கிறப்பல்லாம் சம்பத்து எறங்கி வரணும்னு சாமிய வேண்டிக்கினேன். அவன் வந்தா சின்னவன் போயிட்டான்னு அர்த்தம். ஒடனே, வரக் கூடாதுன்னு வேண்டிக்கினேன். எந்தப் புள்ளைக்குன்னுடி நான் வேண்டிக்குவேன்? பெத்தவள இப்பிடியா வெப்பீங்க?"

சாமுண்டீஸ்வரியின் கண் தன்னிச்சையாக மேடை மேலிருந்த கண்ணாடி ஜாடிக்குப் போனது. கங்கையம்மாளின் கண்ணும் கூடவே போனது.

ஜாடியில் பொடி ஊறாமல் மேலேயே மிதந்துகொண்டிருந்தது.

"எப்ப?" என்றாள் கங்கையம்மாள்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ."

"அப்பலேர்ந்து உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"இத்தினி நாளா தினம் காலையில என் கையால காபி வாங்கிக் குடிச்சியேடி. அவன் தீபாவளிக்கு வருவான், புதுப்பொடி அரைச்சு வெக்கணும்னு சொல்லிக்கினே இருந்தேனே. ஆமாம் அத்தை, ஆமாம் அத்தைன்னு சொன்னியே. எப்பிடிடி எறங்குச்சு உனக்கு?"

சாமுண்டீஸ்வரி அவள் காலடியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுத அழுகையை இப்போது சத்தம் போட்டு அழுதாள். கங்கையம்மாள் அவளைத் தொடவில்லை. திட்டவும் இல்லை. அவள் பிடியிலிருந்து புடவைத் தலைப்பை மெதுவாக விடுவித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

வெயில் தாழ்ந்த பிறகு கேட் சத்தம் கேட்டது. சம்பத்தான் முதலில் வந்தான், டாக்டர் வேதசிரோமணி பையோடு பின்னால் வந்தார். தெருமுனையில் வேன் நின்றிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சம்பத் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டான். வழியெல்லாம் தயார்செய்து வைத்திருந்த பேச்சு அவனுக்கு மறந்துபோனது.

கங்கையம்மாள் படி இறங்கி அவனிடம் போனாள். அவன் கன்னத்தைத் தொட்டாள். தோளைத் தொட்டாள். மார்பில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ கீற" என்றாள்.

அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. மூத்தவன் உயிரோடு நிற்கிற சந்தோஷமும் இளையவன் போன துக்கமும் ஒன்றாக வந்து, எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் அழுதாள். சம்பத் அவளைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி விம்மினான். டாக்டர் நாடியைப் பிடிக்கக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

வேன் மெதுவாக வந்து வாசலில் நின்றது. நாலு பேர் பெட்டியை இறக்கி வராந்தாவில் வைத்தார்கள். சுற்றிலும் ஆணி அடித்த பலகைப் பெட்டி. மேலே ஒரு சீட்டில் சிட்டிபாபுவின் பேர் இங்கிலீஷில் இருந்தது. கங்கையம்மாள் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து பலகையைத் தடவினாள்.

"தொற சம்பத்து. அவன் மூஞ்சைப் பாக்கணும்."

"தொறக்க முடியாதும்மா."

"ஏன்?"

சம்பத் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் குனிந்து பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். சாமுண்டீஸ்வரி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். டாக்டருக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் இன்னும் ஒரு பொய் மிச்சம் இருக்கிறது. அது தனக்கும் சேர்த்தே சொல்லப்பட்ட பொய்.

"டாக்டர் வேணாம்னு சொல்றாரும்மா. உன் ஒடம்புக்கு..."

"என் ஒடம்புக்கு ஒண்ணும் ஆவல. காலையிலேர்ந்து ஆவாதது இப்ப ஆயிடுமா?" கங்கையம்மாள் அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "ஈஸ்வரி, சுத்தி எங்க?"

"ஈஸ்வரி, நீ உள்ள போ!" என்று சம்பத் கத்தினான். அவன் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

காலையில் தீப்பெட்டி எங்கே என்று அத்தை கேட்டதும், டப்பாவை உருட்டிப் பொய்யாகத் தேடியவள்தான் சாமுண்டீஸ்வரி. சுத்தியல் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"இதோ எடுத்துட்டு வரேன் அத்தை" என்று சொல்லிவிட்டு அவள் கொல்லைப்பக்கம் நடந்தாள்.